ஆறு விசைகள்

9

"மிஸ், இத எழுதினவனுக்கு விக்கல் பிடிச்சீக்கணும்," என்றான் இன்சாப்.

மேசையில் கிடந்த தாளில் எழுத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை. சதுர அடைப்பு இரண்டு, வளைந்த அடைப்பு இரண்டு, ஓர் ஆச்சரியக்குறி, ஒரு கூட்டல் குறி. இந்த ஆறும் மாறி மாறி வந்து, பக்கத்தை மேலிருந்து கீழ்வரை எறும்பு போல மொய்த்திருந்தன.

மஹ்மூதா மிஸ் நிமிரவில்லை. சிவப்புப் பேனையால் எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் பரீட்சை விடைத்தாள்களில் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று கண்டுபிடிப்பதே அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. புத்தளம் டவுனில் போன் கார்ட் விற்கிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு மேலே அறை எடுத்து, காணாமற்போன ஆட்களையும் கள்ளக் கையெழுத்துகளையும் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்சாப் கற்பிட்டிக் கடலில் ஆறு வருடம் வள்ளம் ஓட்டியவன். நாற்பது வயதில் ஓட்டோவுக்கு மாறினான். இப்போது மிஸ்ஸின் சாரதி, தூதுவன், தேவைப்பட்டால் அடியாள். அவன் வாய்க்கு மட்டும் லீவு நாள் கிடையாது.

"எழுத்தே இல்லாம இது எப்பிடி மிஸ் புரோக்ராம்?"

"அதுதான் விளையாட்டு. இந்த ஆறு குறிய மட்டும் வச்சு கம்பியூட்டருக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்தணும். சதுர அடைப்பு ரெண்டையும் சேத்தா ஒரு வெறும் பெட்டி. அதுக்கு முன்னால கூட்டல் போட்டா பூச்சியம். பூச்சியத்துக்கு ஆச்சரியக்குறி போட்டு மறுத்தா ஒண்டு. ஒண்டு வந்தா ரெண்டு வரும். இலக்கம் வந்தா எழுத்து வரும். எழுத்து வந்தா என்னத்தையும் செல்லலாம்."

"ஊமைக்குத் திருக்குர்ஆன் ஓதக் குடுத்த மாதிரி."

"ஆகக் குறைஞ்ச குறியில முடிக்கிற ஆளுக்குத்தான் வெற்றி."

"அப்ப கஞ்சப் பயல்களுக்கு வச்ச போட்டி."

இந்தப் போட்டியை இணையத்தில் நடத்தியவன் அஃப்ராஸ். பாலாவிப் பையன், இருபத்தாறு வயது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதிர் போடுவான். அடுத்த வெள்ளி தன்னுடைய விடையையும் போடுவான். இலங்கை முழுக்க அதற்குப் பைத்தியமான இளசுகள் இருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் அவன் வீட்டை விட்டுப் போனான், திரும்பவில்லை. ஆனால் அவன் பெயரில் புதிரும் விடையும் மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

போன மாதம் அவனுடைய தங்கச்சி றிஸ்னா இந்தப் படியேறி வந்தாள். மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்து அழுதாள். "எங்கட நானா ஹயாத்தோட, உசிரோட ஈக்கிறார் மிஸ். யாரோ பிடிச்சு வச்சு எழுத வைக்கிறாங்க. இதுக்குள்ள ஏதாச்சும் ஒளிச்சுச் செல்றாரான்டு பாத்துச் செல்லுங்க. எனக்கு இது ஒண்டும் வாசிக்க ஏலா." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வாரமும் மிஸ் உதட்டைப் பிதுக்கினார். இது நான்காவது.

"இன்சாப், இங்க வா. இந்த விடைட கடைசியப் பாரு."

கடைசி நான்கு வரியிலும் `+[]` என்பதே திரும்பத் திரும்ப வந்திருந்தது.

"வெறும் பெட்டியக் கொண்டுவந்து ஒட்டீக்கி. ஒட்டினாலும் ஒண்டுதான், ஒட்டாட்டியும் ஒண்டுதான். விடை மாறாது. ஒரு குறி மிச்சம் பிடிக்க உசிரக் குடுக்கிற போட்டியில, போட்டி வச்சவன்ட சொந்த விடையில நாப்பத்தேழு வெறும் பெட்டி. ஏன்?"

"வீடு மாறியிருப்பான். சாமான் ஏத்தப் பெட்டி வேணுமே."

மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் பேனை நின்றது. "நடுவில நடுவில ஒரு பெட்டிக்கு மட்டும் வளைவு அடைப்புப் போட்டீக்கி. அதுகள் வேலி. வேலிக்கு வேலி எத்தினை பெட்டி என்டு எண்ணினா ஒம்பது இலக்கம் வருது." எழுதிக் காட்டினார். ஏழு, ஐந்து, ஒன்று, நான்கு, ஏழு, ஒன்பது, நான்கு, எட்டு, இரண்டு.

"டெலிபோன் நம்பருக்கு ஒண்டு குறையுது. அடையாள அட்டை நம்பர் என்டா கடைசியில ஒரு எழுத்து வேணும். வாகன நம்பரும் இல்ல," என்றார் மிஸ்.

இன்சாப் தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தான். ஏதோ ஒன்று அவன் கண்ணைக் குத்தியது. ஆறு வருடம் விடியற்காலையில் வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்த சின்னத் திரை அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மிஸ், நடுவில எழுபத்தொம்பது ஈக்கி."

"அதுக்கு?"

"எங்கட கடல் முழுக்க எழுபத்தொம்பதுதான். ஜீபிஎஸ்ஸப் போட்டா கிழக்குப் பக்கம் வாற முதல் இலக்கம் அது. இத ரெண்டா வெட்டுங்க. வடக்கு ஏழு பாகை, அம்பத்தொண்டு தசம் நாலு. கிழக்கு எழுபத்தொம்பது பாகை, நாப்பத்தெட்டு தசம் ரெண்டு." தன் போனில் தட்டினான். வரைபடம் தெற்கே நழுவி, மதுரங்குளி தாண்டி, உடப்புக்கு வரமுன், முந்தல் களப்பின் ஓரத்தில் வந்து நின்றது. பச்சைச் சதுரங்கள். கைவிடப்பட்ட இறால் குளங்கள். அவற்றின் நடுவே ஒரு தகரக் கூரை.

"இன்சாப்," என்றார் மிஸ், "சில நேரம் உனக்கும் மூளை ஈக்கி என்டு நினைக்கத் தோணுது."

"இத எழுதித் தாங்க மிஸ். பொஞ்சாதிக்குக் காட்டணும்."

மிஸ் எழுந்து சால்வையை இழுத்துப் போட்டார். வாசலில் நின்றார்.

"ஒரு விஷயம். பழைய வெள்ளிக்கிழமை விடைகள் எல்லாத்திலயும் அஃப்ராஸ் ஒண்டு என்டத `+!![]` என்டு எழுதுவான். நாலு வருஷத்தில ஒருக்காக் கூட மாறல்ல. இந்த நாலு மாசமும் `+!+[]` என்டு எழுதீக்கி. ரெண்டும் அஞ்சு குறிதான். ரெண்டும் சரிதான். ஆனா கை வேற."

"அப்பிடியென்டா இத எழுதினது..."

"அஃப்ராஸ் இல்ல. அவன்ட பேர்ல வேற யாரோ எங்களக் கூப்பிடுறாங்க. யார், ஏன் என்டு தெரியிற வரைக்கும் இந்த இடத்தப் பத்தி ஒருத்தருக்கும் வாய் திறக்காத. றிஸ்னாவுக்கும்தான்."

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வரும்வரை இருக்கச் சொன்னார்கள். மிஸ் உள்ளே மர வாங்கில் உட்கார்ந்தார். இன்சாப் வெளியே வாகை மர நிழலில் ஓட்டோவுக்குள் சாய்ந்துகொண்டான். மணி பத்தரைக்கு அவன் போன் அடித்தது. றிஸ்னா.

"இன்சாப் நானா, மிஸ் போன் எடுக்கிறாவே இல்ல. இன்டைக்கும் ஒண்டும் இல்லையா?" குரல் உடைந்தது. "உம்மா நேத்தையில இருந்து ஒரு வாய் சோறு தின்னல்ல. ஒரு சொல்லு செல்லுங்க நானா. ஹயாத்தோட ஈக்கிறார் என்டு மட்டும் செல்லுங்க."

இன்சாப்புக்கும் தங்கச்சிமார் மூன்று பேர். அழுகிற பெண்ணுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

"அழாதீங்க தங்கச்சி. கண்டுபிடிச்சிட்டம்."

மறுபக்கம் அழுகை சட்டென நின்றது.

"எங்க?"

"முந்தல் களப்புப் பக்கம். பழைய இறால் பண்ணை. தாளுக்குள்ள இலக்கமா ஒளிச்சு வச்சீக்கி. இப்ப பொலிஸோட போகப் போறம். உம்மாட்டச் செல்லுங்க, துஆச் செய்யட்டும்."

"அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி தருவான் நானா," என்றாள் றிஸ்னா. மிகவும் அமைதியாகச் சொன்னாள்.

பொறுப்பதிகாரி பதினொன்றே கால் வரைக்கும் வரவில்லை. மிஸ் ஒரு தாளில் விபரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். "நீ ஓட்டு. முதல்ல பாப்பம்."

மதுரங்குளி தாண்டி வலது பக்கம் திரும்பியதும் தார் றோட்டு முடிந்தது. வெள்ளை மணலில் ஓட்டோ குலுங்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் குளங்கள். நோய் வந்து இறால் செத்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத குளங்கள். அடியில் உப்புப் பூத்து வெடித்திருந்தது. தூரத்தில் களப்பு நீலமாகக் கிடந்தது.

தகரக் கூரை வீட்டின் யன்னல்களை உள்ளேயிருந்து பலகை வைத்து அறைந்திருந்தார்கள். கதவில் வெளிப்பக்கம் புதுப் பூட்டு. வாசலில் ஆறு பிளாஸ்டிக் கோப்பைகள் உருண்டு கிடந்தன. இன்சாப் ஒன்றை எடுத்தான். அடியில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியில் வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை.

"மிஸ், இப்பதான் போயிருக்கிறாங்க."

மிஸ் அவனைப் பார்த்தார். ஓட்டோவின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரும்பு அலவாங்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

பூட்டு மூன்றாவது அடியில் கழன்றது.

உள்ளே வேர்வையும் மூத்திரமும் கலந்த நெடி. நீளமான மேசை ஒன்று. அதன் மேல் ஆறு கம்பியூட்டர். ஒவ்வொரு கீபோர்டிலும் ஆறு விசை மட்டும் இருந்தது. மற்றவை பிடுங்கப்பட்டிருந்தன. பிடுங்கிய குழிகளில் பசை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். மிஞ்சிய ஆறிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குறி கையால் எழுதியிருந்தது. எதிர்ச் சுவரில் பண்ணையின் பழைய அனுமதிப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பண்ணையின் பெயரும், நிலத்தின் அளவும், அது எந்தப் பாகையில் இருக்கிறது என்பதும் அதில் அச்சாகியிருந்தன. கீபோர்டில் ஓர் எழுத்தையும் விடாமல் பிடுங்கியவர்கள் சுவரைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பக்கத்தில் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது:

இந்த ஆறு சொல் மட்டும் பேசலாம்: ஓம். இல்ல. தண்ணி. பிழை. முடிஞ்சு. சேர்.

அதற்குக் கீழே: ஏழாவது சொல்லுக்கு ஒரு விரல்.

மேசைக்கு அடியில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். இருபது வயது இருக்கும். இடது கையில் மூன்று விரல்கள் எப்போதோ உடைந்து, கோணலாகவே பொருந்தியிருந்தன. வலது கை புதிது. கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நிலையில் இரத்தம் இன்னும் காயவில்லை. நான்கு விரலும் ஊதா நிறத்தில் வீங்கி, எது எந்த விரல் என்று தெரியாமல் இருந்தன.

அவள் பெயர் ஜுமானா, கற்பிட்டியில் மீன் காயப்போடும் ஒரு வாடிக்காரரின் மகள், கொழும்பில் கம்பியூட்டர் வேலை என்று நம்பி வீட்டில் சலாம் சொல்லிப் புறப்பட்டவள் என்பதெல்லாம் பின்னேரம் அவளுடைய உம்மா வந்த பிறகுதான் தெரிந்தது. அவளாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல அனுமதிக்கப்பட்ட சொற்களில் அவள் பெயர் இல்லை.

"யாரு செஞ்சது, மகள்?" என்று மண்டியிட்டுக் கேட்டார் மிஸ்.

அவள் கண் சுவருக்குப் போனது. உதடு இறுகியது.

"அவங்க போயிட்டாங்க. இனிப் பயமில்ல. பேசலாம்."

"இல்ல," என்றாள். அவ்வளவுதான்.

இன்சாப் சுவரில் கை ஊன்றினான்.

"மிஸ்," என்றான், "நான்தான்."

"என்ன நீதான்?"

"பத்தரைக்கு றிஸ்னா கோல் எடுத்தா. அழுதா. நான் இடத்தச் செல்லிட்டன் மிஸ். அவ உம்மாட்டச் செல்லீப்பா, உம்மா யாருக்கோ செல்லீப்பா, அது இவங்கட காதுக்கு வந்து..."

திட்டினால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்சாப் நினைத்தான். மிஸ் திட்டவில்லை. "அழுறதுக்குப் பொறகு நேரம் தாறன். அம்புலன்ஸக் கூப்பிடு. பொலிஸுக்கும் எடு," என்று மட்டும் சொன்னார்.

அவன் இரண்டு கோலும் எடுத்தான். திரும்பி வந்தபோது பெண் முணுமுணுத்தாள். "தண்ணி."

இன்சாப் ஓடிப் போய்ப் போத்தலை எடுத்து வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தண்ணி," என்றாள் மறுபடியும். அவன் மூடியைத் திறந்து வாயருகே கொண்டு போனான். அவள் முழங்கையால் தட்டிவிட்டாள். போத்தல் உருண்டு சீமெந்துத் தரையில் நீர் பரவியது. "தண்ணி!" இம்முறை கிட்டத்தட்டக் கத்தினாள்.

"தாகம் என்டா குடிக்கிறாளில்லையே மிஸ்."

மிஸ் திறந்த கதவு வழியாகக் களப்பைப் பார்த்தார். "அவ கேக்கல்ல இன்சாப். செல்றா." குனிந்தார். "மத்தவங்களத் தண்ணியாலயா கொண்டு போனாங்க? வள்ளத்தில?"

"ஓம்."

இன்சாப் வாசலுக்குப் போய்க் களப்பை எட்டிப் பார்த்தான்.

மிஸ் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினார். ஐந்தாவது விரலில் "ஓம்" வந்தது. வள்ளத்தில் அடைபட்டவர்கள் ஐந்து பேர். தெற்கேயா? "இல்ல." வடக்கே, ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலாலே புத்தளம் பக்கமா? "ஓம்." காவலுக்கு ஆட்கள் இரண்டு பேரா? "ஓம்."

"அவங்களுக்கு யார் கட்டளை குடுக்கிற?"

"சேர்."

"சேர் வள்ளத்தில ஈக்கிறாரா?"

"இல்ல."

"அப்ப போன்லயா செல்ற? சேர்ட போன் வராட்டி என்ன நடக்கும் மகள்?"

பெண் கண்ணை மூடினாள். "முடிஞ்சு."

மிஸ் கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். றிஸ்னா முதல் நாள் கொடுத்த படம். பெருநாள் உடுப்பில் அண்ணனும் தங்கச்சியும் கற்பிட்டிக் கடற்கரையில் நிற்கிறார்கள். மிஸ்ஸின் பெருவிரல் தங்கச்சியின் மேல் கிடந்தது.

"இவர்தானா சேர்?"

பெண் அஃப்ராஸின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்தது. "இல்ல."

"இவர் இப்ப எங்க?"

"முடிஞ்சு." தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு நேரே முதல் குளம். குளத்தின் மூலையில் தண்ணீர் விடுகிற மதகு. அதனடியில் மட்டும் உப்புப் பூக்காமல், மண் கிளறி மூடிய தடம் இருந்தது.

இன்சாப் வாய்க்குள் ஓதிக்கொண்டான்.

மிஸ் படத்தை எடுக்கப் போனார். பெருவிரல் விலகியது. மறைந்திருந்த முகம் வெளியே தெரிந்தது. அப்போதுதான் அது நடந்தது.

பெண் பதறி எழுந்தாள். நொறுங்கிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சுவரோடு நேராக நின்றாள். கால் நடுங்க நடுங்க நின்றாள்.

"சேர்," என்றாள்.

இன்சாப் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"றிஸ்னாவா?" என்றான் இன்சாப். "அது தங்கச்சி மிஸ். அது அழுத..."

"ஓம். அழுதா," என்றார் மிஸ். "விளங்குதா இன்சாப்? கடைகள்ட, வங்கிகள்ட இணையத்தளத்தில கள்ளமா வாற கட்டளையத் தடுக்க ஒரு காவல் ஈக்கி. அது எழுத்தத்தான் தேடும். எழுத்தே இல்லாத கட்டளை உள்ளுக்குப் போனா ஆக்கள்ட காசு போனதுதான். அண்ணன் விளையாட்டுக்குச் செஞ்சத தங்கச்சி தொழிலாக்கப் பாத்தீக்கா. அவன் மறுத்தீப்பான். போட்டியில வெற்றி பெற்ற பிள்ளைகளா ஒவ்வொருத்தராக் கூட்டி வந்து இங்க அடைச்சீக்கா. போட்டி நிண்டா சந்தேகம் வரும், புதுப் பிள்ளைகளும் வராது. அதுக்காக இவளக் கொண்டு அவன்ட பேர்ல எழுத வச்சீக்கா. கை நொறுங்கின இவள் இனி உதவ மாட்டா, வாயும் திறக்கமாட்டா என்டுதான் பூட்டிட்டுப் போயீக்காங்க."

"அப்ப எங்கள்ட்ட ஏன் வந்தா?"

"இவள் எழுதுறத அவளுக்கு வாசிக்க ஏலா. அத மட்டும் உண்மையத்தான் செல்லீக்கா. உள்ளுக்கு ஏதும் ஒளிச்சீக்கா என்டு பாக்க ஒரு ஆள் வேணும். ஜெயில்ல ஈக்கிற மறியல்காரன்ட கடிதத்தப் பிரிச்சு வாசிக்கிற உத்தியோகத்தர் ஒருத்தர் ஈப்பார். ஒரு மாசமா அந்த வேலைய நாங்கதான் பாத்தீக்கிறம்."

இன்சாப்பின் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் றிஸ்னா.

மிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "எடு. எப்பயும் கதைக்கிற மாதிரிக் கதை. நீ பயந்தா அஞ்சு பேர் மௌத்."

அவன் எடுத்தான்.

"நானா! நானாவக் கண்டீங்களா?"

"எங்க தங்கச்சி!" என்றான் இன்சாப். தன் குரல் இவ்வளவு லேசாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. "நீங்க வேற. பூட்டின வீடும் ரெண்டு காகமும்தான் ஈந்திச்சு. அதுல ஒரு காகம் மிஸ்ஸப் பாத்துப் பயந்து பறந்திட்டு. நாங்களும் திரும்பி வந்திட்டம். மிஸ்தான் பெட்டியப் பிழையா எண்ணிட்டாவாம். இப்ப கற்பிட்டிப் பக்கம் என்டு நிக்கிறா."

மறுபக்கம் ஒரு மூச்சு இறங்கியது. "பூட்டியா ஈந்திச்சு? உள்ளுக்குப் போகல்லையா?"

"ஆர்ர வீட்டுப் பூட்டையோ உடைக்க நாங்க என்ன பொலிஸா? ஆனா ஒரு கரைச்சல் ஈக்கி தங்கச்சி. எண்ணிப் பாக்கச் சொல்லி மிஸ் அந்தத் தாளக் கொழும்பில ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பப் போறாவாம். நாலு பேர் கைக்குப் போனா நானாக்கு ஆபத்தில்லையா? நீங்க நேர்ல வந்து கேட்டா தந்திடுறன். பாலாவிச் சந்திக்கு ரெண்டு மணிக்கு வாங்க. தாள் என்ட கையிலதான் ஈக்கி."

"வாறன் நானா," என்றாள் அவள் உடனே.

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகள் தூசி கிளப்பிக்கொண்டு திரும்பின. தேத்தண்ணிக் கடையின் உள்மேசையில் இன்சாப் உட்கார்ந்திருந்தான். வெளியே நின்ற லொறியில் சாரமும் பெனியனுமாக இரண்டு பொலிஸ்காரர். மிஸ் பொறுப்பதிகாரியோடு வாய்க்கால் பாலத்தில். வள்ளம் பிடிபடும் வரை றிஸ்னாவைத் தொடக் கூடாது. அவள் கையில் போன் இருக்க வேண்டும், அவள் சந்தோஷமாக இருக்க வேண்டும். அந்த வேலை இன்சாப்பினுடையது.

அவள் ஸ்கூட்டியில் வந்தாள். கறுப்பு அபாயா, அழுது வீங்கிய கண். பிளேன்டீயும் வடையும் சொன்னான். அவள் வடையைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

"நானாக்குப் பசி தாங்க ஏலா," என்றாள். "சாப்பாடு குடுக்கிறாங்களோ தெரியா."

மதகடியில் கிளறிய மண் இன்சாப்பின் கண்ணுக்குள் நின்றது. "குடுப்பாங்க தங்கச்சி. பட்டினி கிடந்தா மூளை வேலை செய்யுமா? என்னப் பாருங்க, வயிறு நிறையத் திண்டும் வேலை செய்யுதில்ல."

அவள் சிரித்தாள். மணி இரண்டு பத்துக்குப் போனை எடுத்து, "ஆ, சாப்பிட்டீங்களா? சரி," என்று சொல்லி வைத்தாள். "உம்மா," என்றாள் அவனிடம். இரண்டு நாற்பதுக்கும் அதே கோல், அதே இரண்டு சொல்.

இன்சாப் கதை சொன்னான். வள்ளத்தில் தூங்கிப் போய் நடுக்கடலில் விழித்த கதை, மிஸ்ஸைப் பெண் பார்க்க வந்தவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போன கதை. பாதி பொய். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எல்லாம் அவள் சிரித்தாள்.

"நானா, ஒண்டு கேக்கவா? அந்த வெறும் பெட்டிகள மிஸ் எப்பிடிப் பிடிச்சா? என்னத்தப் பாத்தா தெரியுமாம்?" தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரல்கள் நீளமாக, நகம் வெட்டி, மருதாணி போட்டு அழகாக இருந்தன. "இல்ல, அடுத்த முறை வந்தா நானே பாப்பனே. உங்களுக்குக் கரைச்சல் தராம."

அடுத்த முறை. இன்சாப் தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தான். நாக்கு வெந்தது.

"கூடுதலா ஈக்கிறதத் தேடணுமாம் தங்கச்சி," என்றான். "தேவையில்லாத இடத்தில தேவையில்லாத சாமான்."

மணி மூன்று எட்டு. அவள் போனைக் கையில் எடுத்தாள். மூன்று ஒன்பது. பெருவிரல் திரையைத் தொடப் போனது.

இன்சாப்பின் போன் முந்திக்கொண்டது.

"அஞ்சு பேரும் கெடச்சிட்டாங்க," என்றார் மிஸ். பின்னால் இயந்திரச் சத்தமும் யாரோ வாய்விட்டு அழுவதும் கேட்டன. "கைகால் கட்டி, வலைக்கு அடியில போட்டீந்தாங்க. எல்லாரும் ஹயாத்."

"மத்தது மிஸ்?"

"மதகடியில தோண்டிட்டாங்க. இப்பதான் எடுத்தாங்க. பெருநாள் சட்டைதான்."

இன்சாப் போனை வைத்தான். வெளியே லொறியின் கதவு திறந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

"யாரு நானா?"

"மிஸ்தான்."

"என்னவாம்?"

அவன் கை நீட்டி, அவள் விரல்களுக்குள்ளிருந்து போனை மெதுவாக உருவி, எட்டாத பக்கம் வைத்தான்.

"உங்கட நானாவக் கண்டுட்டாங்களாம்."

றிஸ்னாவின் வாய் அழுவதற்குத் தயாராகத் திறந்தது. ஆனால் கண் அதற்கு முன்பே கதவுப் பக்கம் போய் வந்துவிட்டது.

"எங்க?"

"நீங்க வச்ச எடத்திலதான், தங்கச்சி."